ஒரு கிலோ தவிடு

ரூபன் தன் மகனை ஒரு கிலோ தவிட்டுக்கு விற்றான். சாமி பார்க்க, பெண்டாட்டி பார்க்க, ஐந்து வயது மகள் பார்க்க, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் விற்றான். உடனே போலீசுக்குப் போன் போட்டுவிடாதீர்கள். நம் ஆட்களுக்கு இது புதிதில்லை. ஒரு பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் அடுத்த பிள்ளை தங்க வேண்டுமென்றால், அதை உறவுக்காரர் ஒருவருக்குத் தவிட்டுக்கு விற்றுவிட வேண்டும். தவிட்டு விலைக்குப் போன பிள்ளைதானே என்று கெட்டதெல்லாம் கண்டுகொள்ளாமல் போய்விடுமாம். மூன்று நாள் கழித்துப் பெற்றவர்கள் அரிசியும் புதுத்துணியும் கொண்டுபோய், "உங்க பிள்ளைய நாங்க வளத்துத் தாரோம்" என்று சொல்லித் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். அவ்வளவுதான் சடங்கு.

அவ்வளவுதான் என்றுதான் ரூபனும் நினைத்தான். மடையன்.

முப்பத்து மூன்று வயது அவனுக்கு. சிம்பாங் பூலாய்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டும் கல்லுமலையில் கல் ஏற்றும் லோரி ஓட்டினான். ஈப்போவில், புந்தோங் பக்கம் வாடகை வீடு. மனைவி புனிதா சூப்பர்மார்க்கெட்டில் கேஷியர். மூத்தவள் தினேஸ்வரி, வீட்டில் தினா. அவளுக்குப் பிறகு ஓர் ஆண் குழந்தை பிறந்து, பதினொரு நாள் இருந்துவிட்டுப் போய்விட்டது. அதற்கும் பிறகு வந்தவன்தான் தனேஸ்வரன். விற்றபோது அவனுக்கு ஏழு மாதம்.

அந்த இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு ரூபன் அடித்த கூத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். காலையில் தினாவுக்கு இரட்டைப் பின்னல் போட்டு விடுவது அவன் வேலை. ஒரு பின்னல் ஈப்போவைப் பார்க்கும், ஒன்று தைப்பிங்கைப் பார்க்கும். பாலர் பள்ளி ஆசிரியை தினமும் அவிழ்த்துத் திரும்பப் பின்னிவிடுவாள். "நாளைக்கு நீங்க போடாதீங்க சார்" என்று அவள் ஒருநாள் கெஞ்சியே விட்டாள். மறுநாளும் இவன்தான் போட்டான், தினாவும் இவனிடம்தான் தலையைக் காட்டினாள். மாலையில் மோட்டார் சைக்கிள் சத்தம் தெருமுனையில் கேட்டதுமே வீட்டுக்குள் சின்னவன் காலை உதற ஆரம்பித்துவிடுவான். வாசலில் மூன்று ஹார்ன் அடித்தால்தான் தினா கேட்டைத் திறப்பாள். இரண்டு அடித்தால், "இன்னொன்னு குறையுதுப்பா" என்பாள். பிறகு ரூபன் சின்னவனைத் தூக்கி, அவன் மூக்கை ஒரு விரலால் அழுத்தி, "போம்" என்று லோரி ஹார்ன் போலச் சத்தம் போடுவான். பல் முளைக்காத வாயை முழுக்கத் திறந்து அந்தப் பயல் சிரிப்பான் பாருங்கள், அடடா! பத்து தடவை அழுத்தினாலும் பத்து தடவையும் புதிதாகச் சிரிப்பான்.

அந்தச் சிரிப்பில்தான் வினையே இருந்தது.

சின்னவனுக்கு நெஞ்சுச் சளி. மூச்சு விட்டால் உள்ளே விசில் ஊதும். கிளினிக் டாக்டர் ரூபனின் பூட்ஸைப் பார்த்தார், கைமுடியில் அப்பியிருந்த வெள்ளைக் கல்தூளைப் பார்த்தார். "வேலை விட்டு வந்தா நேரா குளிங்க. குளிக்காம பிள்ளையத் தொடாதீங்க" என்றார். இரண்டு நாள் வெளிக் குழாயில் குளித்துவிட்டுத்தான் உள்ளே போனான். மூன்றாம் நாள் தினா தம்பியைக் கஷ்டப்பட்டு இடுப்பில் சுமந்துகொண்டு கேட்டுக்கே வந்துவிட்டாள். அவன் இரண்டு கையையும் நீட்டினான். நீட்டிய கையைத் தாண்டிக் குழாயடிக்குப் போக எந்த அப்பனுக்கு மனசு வரும்? ஒரே ஒரு தடவைதானே என்று தூக்கினான். அடுத்த நாளும் ஒரே ஒரு தடவைதான். அதற்கடுத்த நாளும்.

ஆறாவது மாதத்தில் இரண்டு தடவை மருத்துவமனை. இரண்டாம் தடவை, முகத்தில் மூடி வைத்து மருந்துப் புகை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மூச்சு இழுக்கும்போதெல்லாம் குழந்தையின் விலா உள்ளே போய் வந்தது. அப்போதுதான் ரூபன் பார்த்தான். நீலச் சட்டையின் இரண்டு பக்கமும், அக்குளுக்குக் கீழே, வெள்ளையாக இரண்டு கை அடையாளம். அவனுடைய கை. ஐந்து விரலும் தெரிந்தது. யாரும் பார்ப்பதற்குள் தட்டிவிட்டான். தட்டத் தட்டத் துணிக்குள் போனதே தவிர, அடையாளம் போகவில்லை. அவனுக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான், துணைக்கு வந்திருந்த அஞ்சலை அக்கா வாயைத் திறந்தாள். "தவிட்டுக்கு வித்துடுடா. நானே வாங்கிக்கிறேன்."

அஞ்சலை ரூபனின் உடன்பிறந்தவள், பதினான்கு வயது மூத்தவள். அம்மா இறந்தபோது ரூபனுக்கு நான்கு வயது. தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டே அவனை வளர்த்தவள் அவள்தான். அவனுக்காகக் கல்யாணத்தைத் தள்ளித் தள்ளி, இருபத்தொன்பது வயதில்தான் கழுத்தை நீட்டினாள். இப்போது தைப்பிங் பக்கம் கமுந்திங்கில் வீடு. கணவர் தேவன் அங்கே தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். பதினெட்டு வருடமாகப் பிள்ளை இல்லை. தம்பியிடம் அவள் இதுவரை எதுவும் கேட்டதும் இல்லை.

விற்பனை அவர்கள் வளர்ந்த, பதினோராம் மைலில் இருக்கும் பழைய பதினோராங்கட்டைத் தோட்டத்தில் நடந்தது. ரப்பர் போய் எண்ணெய்ப் பனை வந்து வருடக்கணக்கு ஆகிவிட்டது. முனீஸ்வரர் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறார். பூசாரி சன்னாசி மோட்டாரில் வந்து இறங்கினார். அக்கா தவிட்டைப் பிளாஸ்டிக் பையில் கொடுத்தாள். ரூபன் குழந்தையைக் கொடுத்தான்.

"எத்தன நாளைக்குன்னு சாமி முன்னால சொல்லிருப்பா" என்றார் சன்னாசி. "அதான் முற."

மூன்று நாள். இரண்டே சொல். ரூபன் அக்காவைப் பார்த்தான். அவள் அதற்குள் பிள்ளையைத் தோளில் சாய்த்து, உச்சந்தலையை மோந்துகொண்டு கண்ணை மூடியிருந்தாள். தன்னை வளர்த்தபோது நாள் கணக்குப் பார்க்காதவளிடம் எப்படி நாள் குறிப்பது? வெட்கமாகப் போய்விட்டது அவனுக்கு.

"அக்காவுக்கு எப்ப தோணுதோ அப்ப" என்று சொல்லிவிட்டான்.

புனிதா அவன் இடுப்பில் கிள்ளிய கிள்ளு ஒரு வாரம் நீலமாக இருந்தது. ஆனால் சொல் வெளியே வந்துவிட்டது. சன்னாசி தோளைக் குலுக்கிவிட்டுத் தேங்காயை உடைத்தார்.

மூன்றாம் நாள் ரூபன் போன் போட்டான். "இப்பதான்டா சளி எளகுது. ரெண்டு நாள் இருக்கட்டும்லா" என்றாள் அக்கா. ஐந்தாம் நாள், "மழையா இருக்கு." பத்தாம் நாள், "நல்லாத் தூங்குறான், ஏன்டா அலைய விடுற?" அதுவும் பொய்யில்லை. அங்கே அவனுக்கு மூச்சில் விசில் இல்லை, மூக்கு ஒழுகவில்லை, கன்னம் வைத்துவிட்டது. போட்டோ போட்டோவாக வாட்ஸாப்பில் வந்துகொண்டிருந்தது. முதல் பல் முளைத்ததை ரூபன் கல்லுமலையில், லோரிக்குள் உட்கார்ந்து போனில்தான் பார்த்தான். தவழ்ந்ததையும் அப்படித்தான். அந்த வீடியோவில் அக்கா, "மகி, மகி, இங்க வா" என்று கூப்பிட, அவன் திரும்பிப் பார்த்துத் தவழ்ந்து போனான். மகேந்திரன். தனக்கு ஒரு பையன் பிறந்தால் வைக்கலாம் என்று பதினெட்டு வருடமாக அக்கா மனசுக்குள் வைத்திருந்த பெயர் அது. அன்று இரண்டு நடை கல் ஏற்றாமலே நின்றுவிட்டான்.

புனிதாவுக்கு மார்பில் பால் கட்டிக்கொண்டது. பீய்ச்சித் தொட்டியில் ஊற்றினாள். இரண்டு வாரத்தில் பால் வற்றியே போனது. "நீங்கதான் குடுத்தீங்க. நீங்களே போய் வாங்கிட்டு வாங்க" என்று ஒரே தடவை சொன்னாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவள் பேசவில்லை. கத்தினாலாவது பரவாயில்லை என்று ரூபன் ஏங்கினான்.

தவிட்டை அவள் ஒரு காலி மைலோ டின்னில் கொட்டி அடுப்படியில் வைத்திருந்தாள். எறியவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை. தினாதான் அடிக்கடி மூடியைத் திறந்து பார்ப்பாள்.

இதில் கொடுமை என்னவென்றால், ரூபன் இப்போது தினமும் ஒழுங்காகக் குளித்தான். வெளிக் குழாயில் நின்று, கரகரப்பான தேங்காய் நாரால் கை இரண்டையும் தோல் சிவக்கத் தேய்த்தான். சுத்தமான கையோடு உள்ளே வந்தால் தூக்கிக்கொள்ள ஆள் இல்லை. போய்க் கேட்கலாம் என்று நினைக்கும்போதெல்லாம் அந்த நீலச் சட்டை கண் முன்னால் வந்தது. பிள்ளை அங்கே பிழைத்துக் கிடக்கிறானே, நாம் கூட்டி வந்து கொன்றுவிட்டால்? அந்த நினைப்பு வந்ததும் எழுந்தவன் உட்கார்ந்துவிடுவான். இப்படியே ஒரு மாதம் ஓடிவிட்டது.

தினா மட்டும் ரொம்ப நல்ல பிள்ளையாகிவிட்டாள். தட்டில் கீரையை ஒதுக்குவதில்லை. தன் துணியைத் தானே மடித்தாள். ஹார்ன் எத்தனை அடித்தாலும் ஓடிவந்து கேட்டைத் திறந்தாள். ஒன்றே ஒன்று அடித்தாலும்கூட! பாலர் பள்ளி ஆசிரியை ரூபனை நிறுத்தி வைத்துப் பாராட்டினாள். அவனும் பெருமையாகத்தான் வீட்டுக்கு வந்தான். மறுநாள் காலை பின்னல் போடும்போது வலிக்கும்படி இழுத்துவிட்டான். எப்போதும் வீடே இடியும்படி கத்துகிறவள், பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வலிக்கலியாடா செல்லம்?"

"இல்லப்பா."

"கண்ணுல தண்ணி வருதே?"

அவள் திரும்பாமலே கேட்டாள். "ப்பா, நான் நல்ல பிள்ளையா இருந்தா என்னய விக்க மாட்டீங்கல்ல?"

ரூபனுக்குச் சீப்பு கையிலிருந்து விழுந்தது. தம்பி தொல்லை கொடுத்தான், அழுதான், மருத்துவமனைக்கெல்லாம் அலைய வைத்தான், அதனால் விற்றுவிட்டார்கள். அவள் அப்படித்தான் நினைத்திருக்கிறாள். முப்பத்திரண்டு நாளாக அந்தப் பயத்தை மடித்து மடித்துத் துணியோடு துணியாக அலமாரியில் வைத்திருக்கிறாள். மகளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அவன் அழுத அழுகையில், அடுப்படியிலிருந்து புனிதா ஓடிவந்துவிட்டாள்.

அன்றே முதலாளியிடம் போய்க் கல்லுமலை வேலையை விட்டான். கேமரன் மலையிலிருந்து காய்கறி இறக்கும் லோரிக்கு டிரைவர் தேவை என்று கூட்டாளி ஒருவன் சொல்லியிருந்தான், அதைப் பேசி முடித்தான். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கூட்டாளியின் குட்டிக் காரை, கஞ்சில் காடியையே இரவல் வாங்கிக்கொண்டு, அரிசி மூட்டை, புதுத்துணி, புனிதா, தினா என்று கமுந்திங்குக்குக் கிளம்பினான். தினா மடியில் எதையோ துண்டு போட்டு மூடி வைத்திருந்தாள். யாரும் கேட்கவில்லை.

அக்கா வாசலில் நின்று சின்னவனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். அரிசி மூட்டையைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"என்னடா இது?"

"முற செய்ய வந்திருக்கோம்க்கா."

"நான் கூப்பிட்டனா? எனக்கு எப்ப தோணுதோ அப்பன்னு சாமி முன்னால நீதான சொன்ன? எனக்கு இன்னும் தோணலடா."

ரூபன் கையை நீட்டினான். சின்னவன் அவனைப் பார்த்தான். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பி அக்காவின் கழுத்தில் புதைத்துக்கொண்டான். ரூபன் கிட்டே போய், மூக்கை ஒரு விரலால் மெதுவாக அழுத்தி, "போம்" என்றான். பிள்ளை சிரிக்கவில்லை. யாரோ ஓர் ஆள் மூக்கைத் தொட்டதற்காக உதட்டைப் பிதுக்கி அழ ஆரம்பித்தான். அதைவிட அக்கா இவனைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

"பாத்தியா? இங்க வந்ததுலேருந்து ஒரு தும்மல் இல்லடா அவனுக்கு. ஒன் கையில என்ன இருக்குன்னு ஒனக்கே தெரியும். அந்த நீலச் சட்டைய தொவச்சது யாருன்னு நெனச்ச? நான்தான்!"

இத்தனை நாளாக அவள் அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள்.

"கல்லுமல வேலய விட்டுட்டேன்க்கா" என்று முனகினான்.

"விட்டா? நாளைக்கே ஏதாச்சும் ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? இன்னொன்னயும் கொண்டு போய்ப் பொதைக்கப் போறியா?"

புனிதா சுவரைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே இருந்த தேவன் வெளியே வந்து, "அஞ்சல, வாயக் கழுவு" என்றார். அதிகம் பேசாத மனுஷன். அக்காவைக் கெட்டவள் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். அவ்வளவு கத்தும்போதும் குழந்தையின் முதுகை மட்டும் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தாள்.

ரூபன் திரும்பிவிட்டான். சத்தியமாகச் சொல்கிறேன், காடியை நோக்கி இரண்டு எட்டு வைத்துவிட்டான். அக்கா சொன்னதில் தப்பு எது என்று அவனுக்கே தெரியவில்லை.

அப்போது தினா துண்டை எடுத்துவிட்டு முன்னால் போனாள். கையில் மைலோ டின்.

"அத்த, இந்தாங்க. இத நாங்க யூஸ் பண்ணல. வண்டு வந்திச்சு, நான் எல்லாத்தயும் பொறுக்கி எடுத்துட்டேன். எங்கம்மா கடையில, யூஸ் பண்ணலன்னா திருப்பிக் குடுக்கலாம், திருப்பி எடுத்துக்குவாங்க." கொஞ்சம் யோசித்து, தயங்கித் தயங்கிச் சேர்த்துக்கொண்டாள். "ரிசிட்தான் இல்ல."

அஞ்சலை டின்னை வாங்கித் திறந்து பார்த்தாள். தவிடு அப்படியே இருந்தது, ஒரு வண்டு இல்லாமல். அவள் சிமெண்டுத் தரையிலேயே சப்பென்று உட்கார்ந்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, வெகுநேரம் அழுதாள். தேவன் பக்கத்தில் வந்து நின்றார், தொடவில்லை. பிறகு அக்கா சின்னவனை ரூபனிடமும் கொடுக்கவில்லை, புனிதாவிடமும் கொடுக்கவில்லை. தினாவை உட்காரச் சொல்லி, அவள் மடியில் வைத்தாள்.

"வளத்துத் தாங்க" என்றாள். முறைப்படி அதைச் சொல்ல வேண்டியது ரூபன். அவனுக்கு முந்தி அவளே சொல்லிவிட்டாள். எழுந்து மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி பழைய அக்காவாகிவிட்டாள். "ஆனா ஒண்ணு. ஒரு தடவ இருமுனாலும் இங்க கொண்டாந்து விட்டுடணும். சத்தியம் பண்ணு."

ரூபன் பண்ணினான். அவளிடம் முடியாது என்று சொல்லி அவனுக்குப் பழக்கமே இல்லையே!

காடி கோலகங்சாரைத் தாண்டியது. பின் சீட்டில் புனிதா பிள்ளையை நெஞ்சோடு அணைத்து வைத்திருந்தாள். அவன் கொஞ்ச நேரம் அழுதான், பிறகு அவள் தாலிக்கொடியைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டு அடங்கினான். தினா அவன் காலை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். மலைக் குகைச் சாலையைத் தாண்டி ஈப்போ இறக்கத்தில் இறங்கும்போது அக்காவிடமிருந்து போன் வந்தது. புனிதா ஸ்பீக்கரில் போட்டாள்.

"எங்க வாரீங்க? தூங்கிட்டானா?"

ரூபன் வாயைத் திறப்பதற்குள் சின்னவன் இருமினான். சளி கலந்த இருமல். ஒன்று. கொஞ்சம் விட்டு, இன்னொன்று.

போனில் அக்காவின் குரல் மெல்ல வந்தது. "ரூபா... இருமுனானா?"

ரூபன் கண்ணாடியில் புனிதாவைப் பார்த்தான். அக்காவிடம் அவன் பிறந்ததிலிருந்து பொய் சொன்னதில்லை.

"நான்தான் அத்த!" தினா போனுக்கு நேராக எட்டிக் கத்தினாள். "தம்பி இருமல. நான்தான் இருமுனேன்." நம்பவில்லையோ என்று ஒரு தடவை இருமிக் காட்டினாள். சின்னவன் மறுபடி இருமினான். அவள் அதைவிடச் சத்தமாக, அவன் சத்தம் கேட்காதபடி, தொண்டை கிழிய இருமினாள்.

"ஆமாக்கா" என்றான் ரூபன். "தினாதான்."

புனிதா போனை அணைத்தாள்.

புந்தோங்குக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் ரூபன் திரும்பவில்லை. நேராக மருத்துவமனைக்கு விட்டான். வழியெல்லாம் தினா விட்டு விட்டு இருமிக்கொண்டே வந்தாள். போதும் என்று சொல்ல இரண்டு பேருக்கும் தெம்பில்லை. கவுண்டரில் இருந்த தாதி இரண்டு பிள்ளைகளையும் பார்த்துவிட்டு, யாருக்கு இருமல் என்று மலாயில் கேட்டாள்.

தினா ரூபனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ப்பா, தம்பின்னு சொல்லாதப்பா" என்று கிசுகிசுத்தாள். "சொன்னா எடுத்துக்குவாங்க."

ரூபன் குனிந்து அவளையும் ஒரு கையில் தூக்கிக்கொண்டான். "என் மகனுக்கு" என்று கவுண்டர் முழுக்கக் கேட்கும்படி சொன்னான். "பேரு தனேஸ்வரன். அப்பா பேரு ரூபன்."

தாதி எழுதிக்கொண்டாள். தினா அப்பாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று, இன்னும் ஒரு தடவை இருமினாள்.